உப்பளத்துக்காரிக்கு வெயில் பற்றாக்குறை

உடம்புக்கு வெயில் போதவில்லை என்று நாமக்கல் டாக்டரம்மா சொன்னபோது, வேறு யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவையோ எனக்குப் படித்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம் தொடங்கும். பள்ளிக்கூடம் போகக் குடை, கோயிலுக்குப் போகக் குடை, கடைக்குப் போகத் தலையில் துண்டு என்று வெயிலுக்கு ஒளிந்தே வளர்ந்தவள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "பிள்ள நல்ல நெறந்தான், வெயில்தான் இப்படி ஆக்கிட்டு" என்று சொல்லிப் பழியை வெயில் மேல் போட்டாள். அந்த வெயில் ஒரு நாள் எனக்குத் தட்டுப்பாடாகும் என்று யார் கண்டது?

கொல்லிமலைக்கு மாறுதலாகி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்; எடப்புளி நாட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. என் கணவர் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மலைக்கு வந்த முதல் வாரமே கம்பளி வாங்கியவள் நான். ஸ்வெட்டர், சால்வை, காலுறை மூன்றும் என் இரண்டாவது தோல் மாதிரி ஆகிவிட்டன. மலைக்காரர்கள் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிற நேரத்தில், நான் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய வகுப்புக்குப் போவேன்.

அந்த வருஷம் முட்டி வலிக்க ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள், நானும் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, "ஐலேசா" என்று கத்திக்கொண்டே இழுப்பார்கள். பாடத்தை விட அதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. மணி அடிப்பதற்கு முன்பே யார் இழுப்பது என்று சண்டை வந்துவிடும்.

பொங்கல் லீவில் நாமக்கல் போனோம். ரத்தம் எடுத்தார்கள். துணைக்கு வந்த கணவரும், "வந்ததுதான் வந்தோம், எனக்கும் பாத்துருவோம்" என்று கையை நீட்டினார். சாயங்காலம் முடிவு வந்தது. எனக்கு வைட்டமின் டி மிகக் குறைவு. அவருக்கு என்னை விடக் குறைவு.

ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். என் முட்டி வலி அந்த நிமிஷம் கொஞ்சம் குறைந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். தெளிவாகத்தான் சொன்னார். "ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுங்க. வாரத்துக்கு ஒண்ணுதான். தினமும் போட்டுறாதீங்க, அது வேற வம்பு. அதோட, பதினோரு மணிக்கு மேல கை கால்ல நல்லா வெயில் படற மாதிரி கொஞ்ச நேரம் இருங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி அந்த ஆலோசனையை நாங்கள் இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

"மாத்திரைன்னா கணக்குத் தெளிவா இருக்கும். உள்ள போனது போனதுதான். வெயில நம்ப முடியாது, அதுவும் இந்த மலையில" என்றார் அவர்.

"வெயில் சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு அதையும் டப்பாவில அடைச்சு வாங்கணுமா? நான் வெயில்லயே சரி பண்ணிக் காட்டுறேன்" என்றேன் நான்.

எங்கள் ஊரில் வெயிலுக்கு மாத்திரை வாங்கித் தின்றாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது. "ஏட்டி, வெயிலு கெடைக்கலியா ஒனக்கு? சாக்குல கட்டி லாரில ஏத்தி உடவா?"

தோற்றவர் ஒரு வருஷம் முதலில் எழுந்து வெந்நீர் போட வேண்டும் என்று பந்தயம் வைத்தோம். மார்கழிக் காலையில் மலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று தெரியும்.

முதல் சனிக்கிழமை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக நல்ல வெயில் மடியில் விழுந்தது. வெளியே அடிக்கிற காற்றும் இல்லை. கையில் டீ. வைத்தியம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். என் டீ முடிகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணாடிக்குள்ள வர்ற வெயில்ல வைட்டமின் வராது, தெரியும்ல? அதுக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி வெளியிலேயே நிறுத்திரும். உள்ள வர்றது சூடும் வெளிச்சமும்தான்."

"இதை முதல்லயே சொன்னா என்ன?"

"டீ குடிச்சிட்டு இருந்தியே."

அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வாரம் வெளியே இறங்கினேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வழுக்குப் பாறை உண்டு. தானியம், மிளகு எல்லாம் அதன் மேல்தான் காயப்போடுவார்கள். காலை முழுக்க மூடுபனி. பதினோரு மணிக்கு மேல் வெயில் அந்தப் பாறையில் வந்து நின்றால் இரண்டு மணி வரை நகராது. நான் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நடுப்பாறையில் உட்கார்ந்தேன். காற்று ஊசி மாதிரி குத்தியதால் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். தலையில் சால்வை. எறும்புக்குப் பயந்து காலுறை. பாறைக்குக் கீழேதான் பாதை. என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா போகிற வழி. டீச்சர் என்கிற மரியாதையையும் பார்க்க வேண்டுமே.

அந்த மலையில் வேலையில்லாமல் ஒரு பெண் பகலில் உட்கார்ந்திருப்பது என்பது இல்லாத காட்சி. போகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"ஏனுங்க டீச்சர், ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். வெயில் காயறேன்."

"குளுருதுங்களா?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, நம்பாமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கு வைட்டமின் பாடம் எடுத்தால், டீச்சருக்கு ஏதோ பெரிய வியாதி என்று சாயங்காலத்துக்குள் குண்டனி நாடு வரைக்கும் போய்விடும் என்று பயந்தேன். சும்மா என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். மிளகும் சாமையும் மரவள்ளியும் போட்டு, மாடும் வைத்துக்கொண்டு, நின்று பேசக்கூட நேரமில்லாத மனுஷி. நான் ஒவ்வொரு சனி ஞாயிறும் தனியாகப் பாறையில் உட்கார்ந்திருப்பதையும், என் கணவர் வீட்டுக்குள் டிவி பார்ப்பதையும் கவனித்திருக்கிறார். அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு திங்கட்கிழமை நேராக சுகாதார நிலையத்துக்குப் போய், மருந்து கொடுக்கிற ஜன்னலில் தலையை நுழைத்தார். பின்னால் நீள வரிசை. நடந்ததை அன்று சாயங்காலம் என் கணவரே சொன்னார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒரு பேச்சுப் பேசோணும்" என்றிருக்கிறார் வீட்டுக்காரம்மா.

"சொல்லுங்கம்மா, சீட்டு எங்க?"

"சீட்டெல்லாம் இல்லீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. டீச்சரு வாராவாரம் பாறை மேல போயி வெயில்ல வெந்துட்டு உக்காந்திருக்காங்க. நீங்க ஊட்டுக்குள்ள டிவி பாக்கறீங்க. சோறு உண்டாங்களா இல்லியான்னு ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா? என்ன சண்டைன்னாலும் பொம்பளைய ஊட்டுக்கு வெளிய உக்கார வெக்கலாமுங்களா? படிச்சவங்க நீங்க."

வரிசையே கழுத்தை நீட்டிக் கேட்டதாம். இவர் மாத்திரைப் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறார். வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு பெரியவர் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார்: "உடுங்க சாமி. என்ற ஊட்டுலயும் இப்புடித்தான். மொதல்ல நாமதான் எறங்கிப் போகோணும். ஒரு மொழம் பூ வாங்கிக் குடுங்க, செரியாப் போயிரும்."

"ஐயோ, சண்டை இல்லீங்க. அவங்களுக்கு வைட்டமின் குறைவு. வெயில்ல உக்காந்தா அது வரும். அதுக்குத்தான்..."

"வெயில்ல உக்காந்தா வருமுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப எங்களுக்கெல்லாம் அது மூட்டை மூட்டையா இருக்கோணுமே?"

"உங்களுக்கு இருக்குமுங்க" என்று சொல்லியிருக்கிறார் இவர். இவர் பேச்சிலும் அந்த மலையின் 'முங்க' வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மா அப்போதும் முழுசாக நம்பவில்லை. "என்னமோ, டீச்சர நல்லபடியாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாராம்.

அன்று என் கணவர் கையில் பூவோடு வந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவராக வாங்கிய முதல் பூ. தன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வீட்டுக்காரம்மா நின்று, அது என் கைக்கு வந்து சேர்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

சண்டை இல்லை என்று தெரிந்ததும் ஊருக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் அடுத்த யோசனையும் வந்தது. டீச்சர் எப்படியும் பாறையில் உட்காரத்தான் போகிறார்.

"ஏனுங்க டீச்சர், சும்மாதானுங்க உக்காந்திருக்கறீங்க. சித்த நேரம் இந்த மொளவப் பாத்துக்கறீங்களா? கோளி வந்து சீச்சுப் போடுது. நான் ஓடிப்போயி மரவள்ளிக்கு மண்ணணைச்சுட்டு வந்தர்றேன்."

வீட்டுக்காரம்மா கேட்டு எப்படி மறுப்பது? தார்ப்பாயில் பச்சை மிளகு பரப்பி வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் ஒரு குச்சியும் வைத்துவிட்டுப் போனார். அந்தச் 'சித்த நேரம்' வெயில் சாய்கிற வரைக்கும் நீண்டது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சாமை வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொரு வீட்டு மிளகு, காப்பிக்கொட்டை, ஒரு தலையணை. எண்ணெய் தேய்த்த கைக்குழந்தை ஒன்றைக்கூடக் கொண்டுவந்து, "இவனுக்கும் சித்த வெயில் படட்டுமுங்க" என்று என் மடியில் படுக்கவைத்துவிட்டு ஒரு பெண் தண்ணீருக்குப் போனாள். கோயிலுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாக வந்தால், "ஏனுங்க டீச்சர், இன்னிக்கு இத்தன நேரமாக்கிட்டீங்க?" என்று கேள்வி வேறு. பள்ளிக்கூடத்தில்கூட அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

கோழிகளுக்கு நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் எது என்று நன்றாகத் தெரியும். எதிர்ப் பக்கமாகத்தான் ஏறும். நான் எழுந்து அந்தப் பக்கம் ஓடினால், அதற்குள் இந்தப் பக்கம் ஒரு ஆடு. ஆட்டை விரட்டினால், மிளகின் மேல் சாவகாசமாக நடந்து போகிற நாய். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வியர்த்து வடியும். இருந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வியர்வையோடு காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று அம்மா சின்ன வயசிலேயே சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து, மஞ்சு என்று இங்கே சொல்கிற மூடுபனி ஏற ஆரம்பித்தது. முதலில் கீழே மரங்கள் மறைந்தன. பிறகு பாதை மறைந்தது. பாறை நிறைய மிளகும் சாமையும். யாரும் பக்கத்தில் இல்லை. நான் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே, "ஏங்க! ஏங்க!" என்று போட்ட சத்தத்தில் அவர் என்னவோ ஏதோ என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மஞ்சுக்குள் ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

"எங்க இருக்க?"

"சாமைகிட்ட!"

"சாமை எங்க இருக்கு?"

"நீங்க மிதிச்சிட்டு நிக்கிறீங்களே, அதுதான்!"

ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மடித்ததில் சாமையைக் கொண்டுபோய் மிளகின் மேல் கொட்டிவிட்டோம். மறுநாள் இரண்டு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து சலித்துப் பிரித்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "நனையாமக் காப்பாத்திட்டீங்களே, அது போதுமுங்க" என்றார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கவும் செய்தார்கள். "மருந்துக்காரரு கலக்கறதுல கெட்டிக்காரருதானுங்க" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

என் கணவருடைய வைத்தியத்தில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முட்டைக் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு ஒரு கேப்ஸ்யூல் போடுவார். கொழுப்போடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும் என்று சொல்லி இன்னொரு முட்டை கேட்பார். பிறகு தூங்குவார்.

சித்திரை பிறந்ததும் மறுபடியும் நாமக்கல். அதே டாக்டரம்மா. என் கணவருடைய அளவு சரியாகிவிட்டிருந்தது. எனக்கு ஏறியிருந்தது, ஆனால் ஏறியதாகச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற அளவுதான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சாப்பிடல டாக்டர். வெயில்ல உக்காந்தேன். சனி ஞாயிறு விடாம, நடுவெயில்ல."

"வாரத்துல ரெண்டு நாள்தானே? அதுவும் எப்படி உக்காந்தீங்க? கை கால்ல பட்டுதா?"

நான் சொன்னேன். ஸ்வெட்டரைச் சொன்னேன், சால்வையைச் சொன்னேன். காலுறையைச் சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "மூணு மாசமா உங்க ஸ்வெட்டர்தான் வெயில்ல இருந்திருக்கு. அதுக்கு டெஸ்ட் எடுத்திருந்தா நல்லா வந்திருக்கும்."

பக்கத்தில் என் கணவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"இது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஜன்னல் விஷயத்தைச் சொன்னதுக்கே ரெண்டு நாள் பேசலியே. இதைச் சொல்லியிருந்தா?"

பந்தயத்தில் தோற்றேன். ஆனால் முட்டி வலி பாதிக்கு மேல் போயிருந்தது. கோழிக்கும் ஆட்டுக்கும் பின்னால் ஓடியதுகூட அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், நடப்பதை நிறுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். பள்ளியில் நானாகவே எழுந்து நின்ற அன்று, ஐலேசாவுக்குத் தயாராக வந்த பிள்ளைகள் ஏமாந்துபோய், "மறுபடி உக்காருங்க டீச்சர்" என்று கெஞ்சினார்கள்.

ஆக, எனக்கும் வாரம் ஒரு கேப்ஸ்யூல். அதோடு வெயிலும் வேண்டும், இந்த முறை தோலில். முதல் கேப்ஸ்யூலைப் பால் டம்ளரோடு கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றபோது வீட்டுக்காரம்மா வந்தார். அதை வாங்கி, இரண்டு விரலால் பிடித்து, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தேன் நிறத்தில் உள்ளே ஏதோ அசைந்தது.

"இத்தனூண்டுக்குள்ளயா ஒரு வாரத்து வெயிலு இருக்குது?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"அப்ப எங்க மொளவுக்கும் ரெண்டு குடுக்கச் சொல்லுங்க. மூட்டைக்குள்ள போட்டு வெச்சா தானாக் காஞ்சுக்குமில்ல?" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. கேப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்தார்: "மாத்தர வந்துருச்சுன்னு பாறைக்கு வராம இருந்துறாதீங்க. கடசிப் பறிப்பு மொளவு இன்னும் கெடக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கை நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகப் பாறைக்குப் போனேன். காலில் எதுவும் இல்லை. பாதையில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று கையையும் காலையும் வெயிலில் நீட்டினேன். உண்மையில் யாரும் பார்க்கவே இல்லை. நான் அந்தப் பாறையில் இருக்கிற ஒரு பொருளாகி ரொம்ப நாளாகியிருந்தது.

வீட்டுக்காரம்மா மிளகைப் பரப்பிவிட்டு வழக்கம்போல ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சும்மா உக்காந்தா எப்புடித்தானுங்க இருக்குது?"

"உக்காந்து பாருங்க."

பக்கத்தில் வெறும் பாறையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். "மாட்டுக்குத் தண்ணி வெக்கோணும்" என்றார். பிறகு, "மத்தியானத்துக்குக் கொளம்பு வெக்கல" என்றார். மூன்றாவதாக ஒரு வேலை வரும் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், கையைத் தலைக்கு அணைகொடுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான், தூங்கிப் பார்ப்பது எங்கே?

ஒரு கோழி ஏறி வந்தது. குச்சியைத் தட்டினால் அவர் விழித்துவிடுவார் என்று நான் வெறுங்காலோடு மெல்லப் போய், இரண்டு கையையும் ஆட்டி, சத்தமில்லாமல் அதை இறக்கிவிட்டேன். வெயில் என் கை முழுக்க ஏறிக்கொண்டிருந்தது.